ஒரு லாகிரிக்கு இன்னொரு லாகிரியா?



இன்று நாம் பேச வந்த விஷயம் லாகிரி வஸ்துவைப் பற்றியதாகும். லாகிரி கெடுதி என்று சொல்லுவதற்காக நாம் இங்கு வரவில்லை. அதைச் சொல்ல ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கின்றார்கள். கெடுதி என்று தெரிந்தோ தெரியாமலோ அதில் விழுந்துவிட்ட மனிதனை என்ன செய்வது என்பதுதான் நமது கேள்வி. அதிலும் கள், சாராயம், கஞ்சா ஆகியவைகளை இன்று ஒதுக்கிவிட்டு, அபின், அதிலிருந்து எடுக்கும் மார்பின், ஹெராயின், நமது பட்டணங்களில் பிரவுன் சுகர் என்று விற்கப்படும் சரக்கு, வலிக்கான மாத்திரைகளில் சில ஆகிய ஒரே வர்க்கத்து வஸ்துக்களைப் பற்றி மாத்திரமே பேசப் போகின்றோம். ஏனெனில், இந்த வர்க்கத்துக்கு அடிமையானவர்களுக்கு மருந்து இருக்கின்றது. மருந்து இருந்தும் ஜனங்கள் செத்துக் கொண்டிருக்கின்றார்கள்.

சென்ற மாதம் வேறோர் ஊரில் இதே விஷயத்தைப் பேசியபோது ஒரு தோழர் எழுந்து, “ஐயா, ஹெராயினை நிறுத்த மெத்தடோன் கொடு என்கின்றீர்கள். அந்த மெத்தடோனும் அபின் ஜாதிதான் என்று நீங்களே ஒப்புக் கொள்ளுகின்றீர்கள். பிராந்தி குடிக்கின்றவனுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்த கதையாக அல்லவா இருக்கின்றது?” என்று கேட்டார். கூட்டம் முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி ஒரு காலத்தில் நமது கேள்வியாகவே இருந்தது.

இருபது வருஷங்களுக்கு முன் நாம் சென்னையில் ஓர் அச்சாபீசில் வேலை பார்த்தோம். எதிர்வீட்டுப் பையன் லாரியில் கிளீனராகப் போய் வந்தவன். பிரவுன் சுகரில் சிக்கிக் கொண்டான். அவன் தாயார் தாயத்துக் கட்டினார், மந்திரித்தார், மூன்று கோவில்களுக்கு நேர்ந்து கொண்டார். நாம் அதையெல்லாம் கேலி செய்தோம். கடைசியில் அந்தம்மாள் நம்மிடம் வந்து, “படிச்ச தம்பி, நீயாவது ஒரு வழி சொல்லப்பா” என்று கேட்டார். நாம் படித்தது ஏழாம் வகுப்பு. தினம் பேப்பர் படிக்கின்றவன் என்பதே அவருக்குப் போதுமாயிருந்தது. நாம் சொன்ன வழி என்ன? “ஓர் இல்லத்தில் போட்டுப் பூட்டுங்கள். பத்து நாள் துடிப்பான். பிறகு மனவுறுதி இருந்தால் பிழைத்துக் கொள்வான். மருந்து, மாத்திரை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள், அதுவும் லாகிரிதான்” என்றோம்.

அப்படியே செய்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பையன் சதை பிடித்து, முகம் தெளிந்து வீடு திரும்பினான். தெருவில் நாலு பேரிடம் இது நமது யோசனை என்று பெருமையாகச் சொல்லிக் கொண்டோம். ஒன்பதாம் நாள் பழைய சிநேகிதன் ஒருவன் வந்தான். பையன் பழைய அளவையே போட்டுக் கொண்டான். பழைய அளவைத் தாங்கிய உடம்பு அவனிடம் இல்லை. மறுநாள் காலையில் அவன் எழுந்திருக்கவில்லை.

தோழர்களே! அந்தம்மாளின் தாயத்துக்கும் நம்முடைய மனவுறுதிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டையும் பரீட்சித்துப் பார்க்காமல் நம்பினோம். தாயத்தாவது யாரையும் கொல்லவில்லை.

நிற்க, இதில் உடம்பின் சங்கதி என்ன என்று பார்ப்போம். வலியைத் தணிக்க நம் உடம்பே சில சரக்குகளை உண்டாக்குகின்றது. அவை போய் உட்காருவதற்கு மூளையில் இடங்கள் இருக்கின்றன. அபின் வர்க்கம் அதே இடங்களில் போய் உட்காருகின்றது. தினமும் வெளியிலிருந்து வந்து உட்கார்ந்தால், மூளை தன் வேலையை அதற்குத் தக்கபடி மாற்றிக் கொள்ளுகின்றது. பிறகு அது வராத நாளில் எலும்பெல்லாம் வலி, வாந்தி, பேதி, நடுக்கம், தூக்கமின்மை. ஆகவே, கொஞ்ச நாளில் அவன் சுகத்துக்காகப் போடுவது போய், எழுந்து நடமாடுவதற்காகவே போட வேண்டியதாகின்றது. ஹெராயினின் வேகம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தவுடன் அடுத்ததற்கு ஓட வேண்டும். பணத்துக்கும் ஓட வேண்டும். திருட்டும் பொய்யும் அங்கேதான் பிறக்கின்றன.

மெத்தடோனோ மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது. ஒரு வேளை குடித்தால் ஒரு நாள் தாங்கும். சரியான அளவில் கொடுத்தால் மயக்கமும் இல்லை, துடிப்பும் இல்லை. அதன்மேல் ஹெராயினைப் போட்டாலும் பழைய வேகம் கிடைப்பதில்லை. பியூப்ரெனார்பின் என்பது இன்னொன்று; நாக்கின் அடியில் வைத்துக் கரைப்பது. அது அந்த இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டு அரைகுறையாகவே வேலை செய்யும். ஓர் அளவுக்கு மேல் கூட்டினாலும் மூச்சை அடக்கும் வேகம் அவ்வளவாகக் கூடுவதில்லை. சாராயக் கதை இங்கேதான் பொருந்தவில்லை. பிராந்திக்குப் பதில் சாராயம் குடித்தவன் சாயங்காலம் தெருவில் கிடக்கின்றான். மெத்தடோன் குடித்தவன் வேலைக்குப் போகின்றான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் கதையையும் கேளுங்கள். அமெரிக்காவில் 1919ம் வருஷத்தில், அடிமையானவனைத் தாங்கி நிறுத்துவதற்காக டாக்டர் மார்பின் எழுதிக் கொடுத்தால் அது வைத்தியமே ஆகாது என்று அந்நாட்டின் மேல்கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. டாக்டர்கள் ஜெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக் கொண்டார்கள். 1935ல் லெக்சிங்டன் என்னும் ஊரில் அடிமைகளுக்கென்றே சர்க்கார் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டிற்று, ஜெயிலும் அதுதான். அங்கிருந்து சுத்தமாகி வெளியே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுபடியும் விழுந்தார்கள். அங்கே வேலை பார்த்த மேரி நைஸ்வாண்டர் என்ற பெண் டாக்டர், பின்னாளில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல் என்பவருடன் சேர்ந்து, 1964ல் ராக்பெல்லர் ஸ்தாபனத்தில் பரீட்சையைத் தொடங்கினார். முதலில் மார்பினைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் அடுத்த ஊசி எப்போது என்று நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தவண்ணம் இருந்தார்கள். மெத்தடோனுக்கு மாற்றியபின் ஒருவர் படம் எழுத ஆரம்பித்தார். இன்னொருவர் விட்ட படிப்பை முடிக்க வேண்டும் என்றார். அதே மனிதர்கள்தான், அதே மனவுறுதிதான். மாறியது மருந்து ஒன்றே.

இரண்டொருவர் கதையைக் கொண்டு முடிவு கட்டலாமா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாம் இவ்வளவு நாள் பேசியது வீண். ஆதலால் எண்ணிப் பார்த்த கணக்கு ஒன்றைச் சொல்லுகின்றோம். ஸ்வீடன் தேசத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் ஹெராயினுக்கு அடிமையான 40 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்குவது போல இரண்டு பங்காகப் பிரித்தார்கள். 20 பேருக்குத் தினமும் பியூப்ரெனார்பின். மற்ற 20 பேருக்கு ஆறு நாள் மாத்திரம் அதைக் கொடுத்துக் குறைத்து நிறுத்திவிட்டு, பிறகு பார்வைக்கு அதே மாதிரியான வெறும் மாத்திரை. புத்திமதி, கூட்டு ஆலோசனை, கவனிப்பு எல்லாம் இரு பங்குக்கும் ஒன்றே. ஒரு வருஷம் கழித்து, மருந்து உண்ட 20 பேரில் 15 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். வெறும் மாத்திரைக்காரர்களில் ஒருவர்கூட இல்லை. அது மட்டுமல்ல, அந்த 20 பேரில் 4 பேர் செத்துப் போனார்கள். மருந்து உண்டவர்களில் ஒருவரும் சாகவில்லை. 2003ல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் இது வெளிவந்தது. புத்திமதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தனியாக நின்ற புத்திமதி அந்த 20 பேருக்கு என்ன செய்தது என்பதைத்தான் சொல்லுகின்றோம்.

“அப்படியானால் ஆயுள் முழுவதும் மருந்தா? அதுவும் அடிமைத்தனம்தானே?” என்கின்றார்கள். நமது மூக்கில் இருக்கும் இந்தக் கண்ணாடியைப் பாருங்கள். இது இல்லாவிட்டால் நம்மால் ஒரு வரி படிக்க முடியாது. மனவுறுதியால் படி என்று இதைப் பிடுங்கிக் கொண்டு போக எந்த ஒழுக்கசீலரும் இதுவரை வரவில்லை! நீரிழிவுக்காரர் தினமும் இன்சுலின் போட்டுக் கொள்ளுகின்றார். அவரைக் கையைக் கட்டி அறையில் பூட்டுகின்றோமா? சிலர் சில வருஷங்களில் டாக்டரின் மேற்பார்வையில் மெல்ல மெல்லக் குறைத்து விட்டுவிடுகின்றார்கள், சிலரால் முடிவதில்லை. முடியாதவர் தொடர்ந்து சாப்பிட்டுக் கொண்டு, கூலி வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்த மருந்தில் ஆபத்தே இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்றப் போவதில்லை. மெத்தடோனை ஆரம்ப நாட்களில் அளவு மீறிக் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும். சாராயத்தோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே அவசரப்பட்டுப் பியூப்ரெனார்பினை வைத்தால் துடிப்பு ஒரேயடியாகக் கிளம்பும். வியர்வை, மலச்சிக்கல் உண்டு. கள்ளத்தனமாக விற்கின்றவர்களும் உண்டு. ஆகவே டாக்டர் கையில்தான் இது இருக்க வேண்டும், கடைக்காரன் கையில் அல்ல.

மருந்தைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தேசமே பரீட்சை செய்து காட்டியிருக்கின்றது. ரஷ்யாவில் இந்தச் சிகிச்சைக்கு மெத்தடோன் தடுக்கப்பட்டது. உக்ரைனில் அனுமதி உண்டு. 2014ல் கிரீமியாவை ரஷ்யா பிடித்துக் கொண்டது. அங்கே அதுவரை சிகிச்சை பெற்றுவந்த சுமார் 800 பேருக்குச் சில வாரங்களில் மருந்து நின்று போயிற்று. கொடி மாறியதால் வைத்தியம் குற்றமாயிற்று! 2015 தொடக்கத்தில், ஐக்கிய நாடுகள் சபையின் எய்ட்ஸ் விஷயத் தூதராயிருந்த மிஷேல் கசாட்ச்கின் என்பவர், அவர்களில் 80 முதல் 100 பேர் வரை இறந்துவிட்டதாகச் சொன்னார். இதற்கு நேர்மாறாக ஈரானைப் பாருங்கள். மதத்தின் பேரால் ஆட்சி நடக்கும் அந்தத் தேசம் முதலில் அடிமைகளைச் சவுக்காலும் சிறையாலும் திருத்தப் பார்த்தது. முடியாமல், 2000த்துக்குப் பிந்திய வருஷங்களில் சிறைக்குள்ளேயே மெத்தடோன் கொடுக்க ஆரம்பித்தது. மதகுருக்கள் ஒப்புக் கொண்டதை நம்மில் சில பகுத்தறிவுக்காரர்கள் ஒப்புக் கொள்ளத் தயங்குவதுதான் நமக்கு வெட்கமாக இருக்கின்றது.

அமெரிக்காவின் வேடிக்கை வேறு தினுசு. அடிமையாக்கும் வலி மாத்திரையை எந்த டாக்டரும் எழுதலாம். அதிலிருந்து மீட்கும் பியூப்ரெனார்பினை எழுத மாத்திரம் தனி அனுமதி வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 2021ம் வருஷத்தில் மாத்திரம் லாகிரியால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்ட பிறகு, 2022 கடைசியில்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

நமது தேசத்துச் சங்கதிக்கு வருவோம். 2019ல் வெளியான சர்க்கார் கணக்குப்படி நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகமானவர்கள் இந்த வர்க்கத்தை உபயோகிக்கின்றார்கள். பஞ்சாப் சர்க்கார் 2017 அக்டோபர் முதல் தனி நிலையங்கள் திறந்து, நோயாளி தினமும் வந்து கண்ணெதிரே பியூப்ரெனார்பின் மாத்திரையை நாக்கடியில் வைத்துக் கொண்டு வேலைக்குப் போகும்படி ஏற்பாடு செய்தது. வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால், போலீசுக்குப் பயந்து ஒளித்து வைக்காதீர்கள். 1985ம் வருஷத்து லாகிரிச் சட்டத்திலேயே, சிறு அளவோடு பிடிபட்ட அடிமை தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கின்றது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பகுதிக்கு அழைத்துப் போங்கள். “பியூப்ரெனார்பின் கிடைக்குமா?” என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஏதேனும் இல்லத்தில் ஒரு மாதம் இருந்து வெளியே வந்தவராயிருந்தால், அந்த முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு ஆபத்தானவை, தனியே விடாதீர்கள். மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்து, எழுப்பினால் எழாமல் கிடந்தால், குடித்துவிட்டுத் தூங்குகின்றான் என்று விட்டுவிடாமல் 108க்குச் சொல்லுங்கள். நலாக்ஸோன் என்ற ஊசி மருந்து உரிய நேரத்தில் போடப்பட்டால் நின்று போகும் மூச்சு சில நிமிஷங்களில் திரும்புகின்றது.

எதிர்வீட்டு அந்தம்மாளை நாம் சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு பஸ் ஸ்டாண்டில் கண்டோம். நம்மை விசாரித்தார்; பிள்ளைகளை விசாரித்தார். நாம் அன்று சொன்ன யோசனை தப்பு என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தோம். பஸ் வந்துவிட்டது.

சந்தேகம் கேட்க விரும்பும் தோழர்கள் சீட்டு எழுதிக் கொடுக்கலாம்.