ஓடாத படங்கள் ஓடுவது எப்படி?



முன்பெல்லாம் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். மறுநாள் காலையில் பிள்ளைகள் அங்கே படச்சுருளின் துண்டு ஏதும் கிடக்கிறதா என்று தேடுவார்கள். கிடைத்ததை வெயிலில் பிடித்துப் பார்த்தால், இரவு ஓடிய கதாநாயகன் அதில் ஓடமாட்டான். கட்டத்துக்குக் கட்டம் அசையாமல் நிற்பான். அப்படியானால் திரையில் ஓடியது யார்? இதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

எமக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தது ஒரு மாணவனின் கணக்கு நோட்டு. கணக்கு இருக்க வேண்டிய ஏடுகளின் மூலைகளில் ஒரு பால்மரம், ஒரு மங்கு, ஒரு பால்துளி. ஏடு தோறும் அதே படம். அவனுடைய தந்தை நோட்டோடு பள்ளிக்கு வந்துவிட்டார். "படிக்கச் சொன்னா படம் போடுறான் சார். இந்த வருசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார். நாமும் பிரம்பைத்தான் தேடினோம். ஆனால், நோட்டைக் கட்டைவிரலால் மளமளவென்று விட்டுப் பார்த்தபோது, துளி இறங்கி மங்கில் விழுந்தது! தந்தை, "இன்னொரு தடவை விடுங்க சார்" என்றார்.

உண்மையில் எந்த ஏட்டிலும் துளி விழவில்லை. ஒவ்வோர் ஏட்டிலும் முந்தியதைவிடச் சற்றுக் கீழே நின்றது, அவ்வளவே. ஒரு படம் மறைந்து, சிறிதே மாறிய இன்னொரு படம் விரைவாகத் தோன்றினால், ஒரே பொருள்தான் நகர்ந்தது என்று நம் மூளை கொள்கிறது. பார்த்த படம் கண்ணில் சிறிது நேரம் தங்குவதே காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அது மட்டுமே காரணமென்றால், படங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து குழம்பித்தான் தெரியும். இரண்டையும் இணைத்து அசைவாக உணர்வது மூளையே. நின்ற கோடுகளை மாறிமாறிக் காட்டினாலே அசைவு தோன்றுவதை மாக்ஸ் வெர்தைமர் என்ற அறிஞர் ஆராய்ந்து 1912-இல் வெளியிட்டார்.

படச்சுருளில் ஒரு வினாடிக்கு 24 படங்கள். ஒரு படம் நகர்ந்து அடுத்தது வரும்வரை, சுழலும் தகடு ஒன்று ஒளியை மறைத்துக்கொள்ளும். மறைக்காவிட்டால் திரையில் வெறும் இழுப்புத்தான் தெரியும். இன்று சுருள் அரிதாகிவிட்டது. ஆயினும் கைப்பேசியில் ஓடுவதும் தனித்தனிப் படங்களின் வரிசைதான்.

கார்ட்டூன் படங்களை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்தார்கள். ஒரு படத்தை இருமுறை காட்டினாலும் வினாடிக்கு 12 படங்கள் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 720! பிரான்சு நாட்டு எமில் கோல் 1908-இல் ஏறத்தாழ 700 படங்கள் வரைந்தார். கிடைத்தது இரண்டு நிமிடத்துக்கும் குறைவான படமே.

வீட்டிலேயே செய்து பாருங்கள். எழுதி முடித்த நோட்டின் மூலையில், கடைசி ஏட்டிலிருந்து முன்னோக்கி இருபது படங்கள் வரையுங்கள். மரத்தையும் மங்கையும் அசைக்காதீர்கள். துளியை மட்டும் இறக்குங்கள். படங்களுக்கிடையே இடைவெளி குறைந்தால் துளி மெதுவாக இறங்கும். கூடினால் வேகமாக இறங்கும்.

அந்த மாணவனின் துளிகள் மேலே நெருக்கமாகவும், கீழே போகப்போக விலகியும் இருந்தன. ஏன் என்று கேட்டோம். "விழ விழ வேகம் கூடுதுங்க சார். அம்மாகூட நிரைக்குப் போனப்ப பார்த்தேன்" என்றான். பொருள்கள் விழும்போது வேகம் கூடும் என்பது உயர்நிலைப் பள்ளிப் பாடம். அவன் அதைப் பால்மரத்தடியிலேயே கண்டுகொண்டான். அன்று தந்தை பள்ளியை நிறுத்தும் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. மகனுக்குப் புதிய நோட்டு வாங்கக் கடைக்குப் போனார்.

பெற்றோர்களே, பிள்ளையின் நோட்டில் கிறுக்கலைக் கண்டால், கை ஓங்குமுன் ஒருமுறை ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள்.