டிவி படம் உடையுதா? முதலில் கூரையைப் பாருங்கள்

(பாலாவியில் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிகழ்த்திய பேச்சு)



1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினி தொடங்கிய காலத்திலிருந்து, படம் போனால் நாம் பெட்டியைத்தான் குற்றம் சொல்கிறோம். பல வேளை பெட்டியில் பிழையே இருக்காது.

பாலாவிக் காற்று உப்புக் காற்று. கூரையில் அன்டனாவோடு வயர் பூட்டின இடம் பச்சை பிடித்துவிடும். வயருக்குள்ளே மழைத் தண்ணீரும் இறங்கிவிடும். சிக்னல் அங்கேயே செத்துப்போகுது! கெட்ட துண்டை வெட்டி, புதுசாகச் சீவி இறுக்கி, தண்ணீர் போகாமல் டேப் சுற்றுங்கள். புதுப் பெட்டிக்குக் கடன் வாங்க முதல் இதைச் செய்து பாருங்கள்.

பழைய முறையில் சிக்னல் குறைந்தால் புள்ளி விழும், ஆனாலும் ஆள் தெரியும். டிஜிட்டலில் அந்தச் சலுகை இல்லை. படம் கட்டங்கட்டமாக உடைந்து, உறைந்து, பிறகு ஒன்றுமே வராது. நம் நாடு 2014 இல் தெரிவு செய்த ஜப்பான் டிஜிட்டல் முறைக்கும் அன்டனா வேண்டும்.

காலை மாலை மட்டும் படம் குழம்பினால் அன்டனாவைத் திருப்பித் திருப்பி மாய வேண்டாம். கடல்மேல் குளிர்காற்றுக்கு மேலே சூடான காற்று படிந்தால், தூரத்து அலைகள் வளைந்து வந்து நம் அலையோடு மோதும். முன்பு இந்தியத் தூரதர்ஷன் இந்தக் கரைகளில் தெரிந்ததும் இப்படித்தான். காற்று கலைந்தால் தானாகச் சரிவரும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். கரண்ட் கம்பிக்குக் கிட்ட அன்டனாக் குழாயைத் தூக்கவே வேண்டாம், உயிர் போகும். தென்னையில் கட்டுவதும் கூடாது. மரம் ஆட ஆட படமும் ஆடும், மின்னலும் அங்கேதான் இறங்கும். இடி முழங்க முன்னமே வயரைக் கழற்றி வையுங்கள்.