269 அடிகள்: டோக்கியோவில் அதிதியின் நாலு நாள்

இன்னைக்கு கோல்ஃப் பற்றிப் பேசப் போறேன். உடனே அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க, கொஞ்ச நேரம்தான்.

நான் திருவண்ணாமலைக்காரன். கிரிவலம் போற திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில், மலைமேல ஸ்ரீனிவாசப் பெருமாள் இருக்கிற திருவண்ணாமலை. அங்க கோல்ஃப் மைதானத்துக்கு எங்க போறது? ஆனா கோலி ஆடாத பையன் கிடையாது. கோலியைக் குழியில தள்ளணும், அதுவும் கம்மியான தடவையில. அதையே பெரிய மைதானத்தில், மட்டையை வச்சு, 18 குழிக்கு ஆடினா ஒரு ரவுண்டு. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடின்னு ஒரு கணக்கு உண்டு, அதுக்குப் பேர் பார். ஒண்ணு கம்மியா முடிச்சா பேர்டி, ஒண்ணு கூடினா போகி. இவ்வளவு தெரிஞ்சா போதும், டோக்கியோவுக்குப் போயிடலாம்.

2021 ஆகஸ்ட் 4. டோக்கியோ ஒலிம்பிக், கசுமிகசெகி கிளப். பெண்கள் போட்டியில் 60 பேர், நாலு நாள், நாலு ரவுண்டு. பெங்களூரு பொண்ணு அதிதி அசோக், வயசு 23, உலகத் தரவரிசையில் 200ஆவது இடம். பையைத் தூக்கிக்கிட்டு கூட நடந்தவர் அவங்க அம்மா. ரியோவில் அப்பா தூக்கினார், டோக்கியோ அம்மாவோட முறை.

அதிதி தூரமா அடிக்கிறவர் இல்லை. அந்த வருஷம் கொரோனா வந்து போனதில் பலமும் குறைஞ்சிருந்தது. கூட ஆடினவங்க முதல் அடியிலேயே இவரைத் தாண்டிப் போயிடுவாங்க. அந்த இடைவெளியை இவர் குழி பக்கத்தில் ஈடுகட்டினார். பந்தைக் கடைசியா உருட்டி உள்ள விடுற பட்டிங்கில், அந்த வாரம் அவருக்கு நிகரா யாரும் இல்லை.

அந்த மைதானத்துக்குப் பார் 71. முதல் நாள் அதிதி 67. அஞ்சு பேர்டி, ஒரே ஒரு போகி, அதுவும் 18ஆவது குழியில். அந்தப் போகியை ஞாபகம் வச்சுக்கோங்க. உலகின் முதல்நிலை வீராங்கனை, அமெரிக்காவின் நெல்லி கோர்டாவும் 67தான். ஸ்வீடனின் மேடலின் சாக்ஸ்ட்ரோம் 66 அடிச்சு முன்னிலை.

ரெண்டாவது நாள் கோர்டா 62 அடிச்சுட்டார். அதிதி ஒரு போகிகூட இல்லாம 66. மூணாவது நாள் கோர்டா 69, அதிதி 68. இப்போ பாருக்குக் கீழே கோர்டா 15, அதிதி 12, தனியா ரெண்டாவது இடம்.

இங்கதான் மழை கதைக்குள்ள வருது. சனிக்கிழமை புயல் வரலாம்னு எச்சரிக்கை. கடைசி ரவுண்டை முடிக்க முடியலைன்னா மூணு ரவுண்டு கணக்கே முடிவு, அதாவது அதிதிக்கு வெள்ளி. ஆண்டாள் மழைப் பாசுரம் பாடின ஊர்ப்பக்கத்துக்காரன் நான். ஜப்பானில் மழை வேணும்னு அன்னைக்கு மனசு கேட்டது.

மழை உடனே வரலை. அதிதி 5, 6, 8ஆவது குழிகளில் பேர்டி. 9, 11ல் போகி. பின்னாலிருந்து நியூசிலாந்தின் லிடியா கோவும் ஜப்பானின் மோனே இனாமியும் வேகமா ஏறி வந்தாங்க. 13, 14ல் மறுபடி பேர்டி போட்டு அதிதி பதில் சொன்னார். 16 குழி முடிஞ்சதும் இடி மின்னல், ஆட்டம் நின்னது. சுமார் முக்கால் மணி நேரம். அப்புறம் வானம் விட்டுடுச்சு.

18ஆவது குழி. தூரத்திலிருந்து ஒரு பேர்டி பட். விழுந்திருந்தா வெள்ளிக்கான ப்ளே-ஆஃபில் மூணாவது ஆளா நின்னிருப்பார். விழலை. கோர்டா 17 கீழே, தங்கம். கோவும் இனாமியும் 16; ப்ளே-ஆஃபில் இனாமிக்கு வெள்ளி, கோவுக்கு வெண்கலம். அதிதி 15, நாலாவது இடம். அன்னைக்கு சாயங்காலமே நீரஜ் சோப்ரா தங்கம் வாங்கினதில், இந்தச் செய்தி அடுத்த பக்கத்துக்குப் போயிடுச்சு.

"கடைசிக் குழியில விட்டுட்டாங்க"ன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதிதி நாலு நாளும் சேர்த்து 269 தடவை பந்தை அடிச்சிருக்கார், கோ 268. ஒரு அடிதான் வித்தியாசம். அந்த ஒண்ணு சனிக்கிழமை கடைசி பட்டாவும் இருக்கலாம், யாரும் பார்க்காத புதன்கிழமை அதே 18ஆவது குழியில் விழுந்த போகியாவும் இருக்கலாம். ஸ்கோர்கார்டில் ரெண்டுக்கும் ஒரே எடை. டிவி கேமரா சனிக்கிழமை இருந்ததால் நாம அதைப் பிடிச்சுக்கிட்டோம்.

கடைசி இன்டர்வியூவில் வேலை போச்சு, கடைசிப் பேப்பரில் அரியர் விழுந்துச்சுன்னு நாமளும் அப்படித்தான் சொல்லிக்கிறோம். கணக்கு அதுக்கு ரொம்ப முன்னாலயே ஓடிக்கிட்டிருந்திருக்கும். 200ஆவது இடத்தில் இருந்த ஒருத்தர் நாலு நாளும் முதல் சில பேருக்குள்ளேயே நின்னதும் அதே 269 அடியில்தான். நேரம் கிடைச்சா அந்த நாலாவது ரவுண்டைத் தேடிப் பாருங்க. குறிப்பா 13, 14. அடுத்த வாரம் பேசலாம்.