ஓடும் கால்களும் ஆற்றும் கைகளும்



நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் அட்டன், டிக்கோயாப் பகுதிகளிலும் சமதரை அரிது. மெய்வல்லுநர் போட்டிக்கு ஆயத்தமாகும் மாணவர் பலர், தோட்டப் பாதையிலேயே ஓடிப் பயில்கின்றனர். ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கமோ காலைச் சோதிக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆதலின் முழங்கால் நோவு, குதிநாண் நோவு, கணுக்காற் சுளுக்கு ஆகியவை மலைநாட்டு ஓட்டக்காரருக்குப் பழகிய துன்பங்களாகும்.

காலில் அடிபட்டதும் நாம் நாடுவது கைவைத்தியத்தையே. நம் நாட்டில் முறிவு நெரிவு வைத்தியம் தொன்றுதொட்டு வருவது. அமெரிக்காவிலும் அன்ட்ரூ டெய்லர் ஸ்ரில் என்னும் மருத்துவர் 1874ஆம் ஆண்டில் ஒஸ்தியோபதி என்ற கைமுறைச் சிகிச்சையைத் தோற்றுவித்தார். 1892இல் மிசூரி மாநிலத்தில் அதற்கெனக் கல்லூரியும் நிறுவினார்.

இத்தகைய சிகிச்சையால் ஆவது என்ன? பயின்ற கை, இறுகிய தசையைத் தளர்த்தும். நோவைச் சிறிது காலம் தணிக்கும். அசைக்க அஞ்சும் காலை அசைக்கத் துணிவு தரும். இது சிறு நன்மையன்று. ஆயினும், அறுந்த நார் பிசைவதனால் ஒட்டிவிடாது. முறிந்த எலும்பைச் சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவுவதோ பெருங்கேடாகும்.

எனவே முதலில் அறியவேண்டியது, முறிவா சுளுக்கா என்பதே. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் இதற்கு எளிய விதியொன்றை வகுத்தனர். கணுக்கால் நோவுற்றவர் நான்கு அடி எடுத்து வைக்க இயலாதிருந்தாலும், கணுக்காலின் இருபுறத்து எலும்பு முனைகளை அழுத்துகையில் நோவு எழுந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் வேண்டும். பாதத்தின் வெளிப்புற நடுவெலும்பை அழுத்தி நோவு கண்டாலும் அவ்வாறே. தூரத்தையும் இழக்கப்போகும் ஒருநாட் சம்பளத்தையும் எண்ணிப் பெற்றோர் தயங்குவது இயல்பே. ஆனால், அன்று இழக்கும் ஒருநாளினும் பிள்ளையின் கால் பெரிது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு அமைந்த மருத்துவமனை 2017இல் திறக்கப்பட்டது. நுவரெலியாவிலும் மாவட்டப் பொது மருத்துவமனை உண்டு.

முறிவு இல்லையெனத் தெளிந்தபின் நெடுநாள் படுத்திருத்தல் நன்றன்று. ஓய்வையும் பனிக்கட்டியையும் 1978இல் பரிந்துரைத்து எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கினே, அவை குணமடைதலைத் தாமதப்படுத்தக்கூடும் என 2014இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஓரிரு நாள் கழிந்ததும், நோவு பொறுக்கும் அளவில் காலூன்றி நடத்தல் வேண்டும். பின்னர் ஒற்றைக் காலில் நின்று பழகுதல் மீண்டும் சுளுக்காது காக்கும்.

குதிநாண் நோவுக்கும் இதுவே நெறி. சுவீடனைச் சேர்ந்த அல்பிரட்சன் என்னும் மருத்துவர், நாட்பட்ட நோவுற்ற 15 விளையாட்டாளரைப் படியொன்றின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதியை மெல்லக் கீழே தாழ்த்தச் செய்தார். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று முறை, மடித்தும் அவ்வாறே, காலை, மாலை இருவேளையும். 12 வாரங்களில் அனைவரும் மீண்டும் ஓடினர் என 1998இல் அவர் எழுதினார். இதற்கு வேண்டிய கருவி லயத்து வாசற்படியே! ஆனால், நோவு குதியெலும்பிலேயே இருப்பின் படிக்குக் கீழே தாழ்த்தலாகாது.

மீண்டும் ஓடத் தொடங்குவோர், முதலில் நடந்து, பின் சமதரையில் சிறிது ஓடி, அதன்பின் ஏற்றத்தில் ஓடுக. இறக்கத்தை இறுதிக்கு ஒதுக்குக. மறுநாட் காலை நோவு மிகுந்தால், முந்திய நாளின் அளவு மிகையென்று அறிக.

ஆற்றும் கை வழிகாட்டலாம். ஆறவேண்டிய கால் தானே உழைத்தல் வேண்டும். போட்டி அடுத்த ஆண்டும் வரும். அன்று ஓடுவதற்குக் கால் இருக்கட்டும்.