இரண்டு குழாய்க் கணக்கு

(பட்டிமன்றத் தலைப்பு: வாழ்க்கைச் சிக்கல்களைத் தீர்க்கப் பெரிதும் துணை நிற்பது அனுபவ அறிவே! கணித அறிவே! – ‘கணித அறிவே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

    

தமிழ்ப் பேராசிரியருக்குக் கணக்கு அணியில் என்ன வேலை என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா, எண், எழுத்து இரண்டையுமே கண் என்று சொன்ன வள்ளுவர், எண்ணைத்தான் முதலில் வைத்தார். நான் தமிழ் படித்தவன் என்பதால்தான் இந்த அணிக்கே வந்திருக்கிறேன். (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார். அரங்கமே சிரித்தது. “பள்ளிக்கூடத்துல ஒரு கணக்கு வரும். தொட்டியில ஒரு குழாய் தண்ணிய நிரப்புது. இன்னொரு குழாய் வெளியேத்துது. தொட்டி எப்ப நிரம்பும்னு கேப்பாங்க. எந்தப் புண்ணியவான் ரெண்டு குழாயையும் ஒரே நேரத்துல திறந்து விடுவான்? இதைப் படிச்சு என்ன பிரயோஜனம்?” என்றார்.

அம்மா, உங்கள் வீட்டிலேயே திறந்துதானே இருக்கிறது! முதல் தேதி ஒரு குழாயில் சம்பளம் உள்ளே வருகிறது. பால், மளிகை, பள்ளிக் கட்டணம், கரண்ட் பில் என்று இன்னொரு குழாயில் வெளியே போகிறது. இருபதாம் தேதியே தொட்டி காலி. (சிரிப்பு) மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்று செய்தித்தாளில் போடுகிறார்களே, அது என்ன? அதே இரண்டு குழாய்க் கணக்குதான்!

இதற்குத்தான் கணித மாதிரி என்று பெயர். உலகத்தில் நடக்கிற ஒன்றை எடுத்துக்கொள்வது. அதில் முக்கியமானது எது, விட்டுவிடக் கூடியது எது என்று பிரிப்பது. முக்கியமானதை மட்டும் கணக்காக எழுதிப் பார்ப்பது. மேட்டூர்த் தண்ணீர் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது கவிஞருக்கு வேண்டும். எத்தனை நாளைக்கு வரும் என்பது விவசாயிக்கு வேண்டும். அதைச் சொல்ல இப்போது இருப்பதும், உள்ளே வருவதும், வெளியே போவதும் தெரிந்தால் பெரும்பாலும் போதும்.

“சரி சார், சம்பளமும் தண்ணியும் இருக்கட்டும், உயிரைக் காப்பாத்துமா உங்க கணக்கு?” என்று நீங்கள் கேட்கலாம். காப்பாற்றும். சொல்கிறேன்.

ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர். நம் நாட்டிலேயே, அல்மோராவில் பிறந்த ஆங்கிலேயர். 1897ஆம் ஆண்டு, செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902இல் நோபல் பரிசும் வாங்கினார். ‘கொசுவைக் குறையுங்கள், மலேரியா போய்விடும்’ என்று சொன்னார். அனுபவசாலிகள் என்ன சொன்னார்கள்? “ஊரில் இருக்கிற எல்லாக் கொசுவையும் கொல்ல முடியுமா? நடக்கிற காரியமா? வீண் வேலை!” என்றார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்!

ராஸ் விவாதம் பண்ணிக்கொண்டு உட்காரவில்லை. நம்மை மாதிரியா? (சிரிப்பு) கணக்குப் போட்டார். ஒரு கொசு நோய் பரப்ப வேண்டும் என்றால், முதலில் ஒரு நோயாளியைக் கடிக்க வேண்டும். கிருமி தனக்குள் முதிரும் வரை அது உயிரோடு இருக்க வேண்டும். பிறகு ஒரு நல்ல மனிதரைக் கடிக்க வேண்டும். இத்தனையும் கூடி வர வேண்டும். ஆகவே கொசுக்களின் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், நோய் தானாகவே தேய்ந்து மறையும். கடைசிக் கொசு வரைக்கும் கொல்ல வேண்டியதில்லை! 1911இல் வந்த தம் மலேரியா நூலின் இரண்டாம் பதிப்பில் இதைக் கணக்காகவே எழுதி வைத்தார். முடியாது என்று அனுபவம் மூடிய கதவைக் கணக்கு திறந்தது. (கைதட்டல்)

இன்னும் ஒருவர் கதையைக் கேளுங்கள். கெர்மாக் என்பவர், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் ரசாயன ஆராய்ச்சியாளர். 1924இல் ஆய்வுக்கூடத்தில் ஒரு விபத்து. இரண்டு கண்ணும் போய்விட்டது. வயது 26. அதே ஆய்வுக்கூடத்தில் மெக்கென்ட்ரிக் என்ற மருத்துவர் இருந்தார். இந்தியாவில் பல ஆண்டுகள் பணி செய்தவர். இருவரும் சேர்ந்து, கொள்ளைநோய் ஏன் வருகிறது, ஏன் தானாக அடங்குகிறது என்று கணக்குப் போட்டார்கள். 1927இல் வெளியிட்டார்கள்.

எப்படிப் போட்டார்கள்? அதே குழாய்க் கணக்கு! ஊரை மூன்று தொட்டியாகப் பிரித்தார்கள். இனிமேல் நோய் வரக்கூடியவர்கள் ஒரு தொட்டி. நோயோடு இருப்பவர்கள் நடுத் தொட்டி. குணமானவர்களும் இறந்தவர்களும் மூன்றாவது தொட்டி. நடுத் தொட்டிக்கு ஒரு குழாயில் புது நோயாளி வருகிறார். இன்னொரு குழாயில் பழைய நோயாளி போகிறார். வருவது அதிகமானால் ஊர் நடுங்கும். போவது அதிகமானால் நோய் அடங்கும்.

நம் தெருவில் ஒரு வதந்தி கிளம்பினால் காலையில் காட்டுத்தீ மாதிரி பரவும். சாயங்காலம் அடங்கிவிடும். ஏன்? யாரிடம் சொன்னாலும், “அட, அது எனக்குக் காலையிலேயே தெரியுமே!” என்கிறார்கள். (சிரிப்பு) தெருவில் விஷயம் தெரியாத நாலு பேர் இன்னும் இருப்பார்கள். ஆனால் அவர்கள் காதுக்குப் போகும் முன்பே வதந்தி செத்துவிடும். கொள்ளைநோயும் அப்படித்தான். எல்லோரையும் தொட்ட பிறகுதான் அடங்கும் என்பதில்லை.

தங்கள் கணக்கை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் தெரியுமா? நம் பம்பாயில் 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பிளேக் நோயில் வாரா வாரம் இறந்தவர்களின் எண்ணிக்கையோடு! அது ஏறிய விதமும் இறங்கிய விதமும் அவர்கள் கோட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. கண் போன மனிதர், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, பம்பாயில் நடந்ததை எண்ணால் பார்த்தார் ஐயா! வள்ளுவர் எண்ணைக் கண் என்று சொன்னது இதற்குத்தானே! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணிக்கு ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஊரில் 1000 நோயாளிகள். ஒவ்வொரு 10 பேரும் 11 பேருக்கு நோயைக் கொடுக்கிறார்கள். பத்துச் சுற்றுப் போனால் அந்தச் சுற்றில் மட்டும் புது நோயாளிகள் ஏறக்குறைய 2594 பேர். பக்கத்து ஊரிலும் 1000 பேர். அங்கே 10 பேர் 9 பேருக்குக் கொடுக்கிறார்கள். பத்தாவது சுற்றில் 349 பேர்தான். பதினொன்றுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த அனுபவசாலியின் கண்ணாவது பார்க்குமா? 2020இல் கொரோனா வந்தபோது, நம் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இந்த எண்ணைத்தான் விடாமல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அது ஒன்றுக்கு மேலே இருக்கிறதா, கீழே இறங்கியதா என்பதுதான் கேள்வி.

தாய்மார்கள் கொஞ்சம் கவனியுங்கள். தட்டம்மை வந்த ஒருவர், தடுப்பு எதுவும் இல்லாத கூட்டத்தில், 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுக்கக்கூடியவர். அதை ஒருவருக்கும் கீழே கொண்டுவர, 100 பிள்ளைகளில் 95 பிள்ளைகளுக்காவது தடுப்பூசி போட வேண்டும் என்கிறது கணக்கு. “எல்லாரும் போட்டுக்கிட்டாங்களே, என் பிள்ளை ஒருத்தன் போடலைன்னா என்ன?” என்று ஒரு தாய் நினைக்கலாம். ஒன்பது மாதம் ஆன பிறகுதான் அந்த ஊசியே போடுவார்கள். பக்கத்து வீட்டில் ஐந்து மாதக் குழந்தை தொட்டிலில் கிடக்கிறது. அந்தக் குழந்தைக்குக் காவல் யார்? உங்கள் பிள்ளை கையில் போட்ட ஊசிதான். அந்தக் காவலில் ஒரு ஆள் குறையலாமா? (கைதட்டல்)

“கணக்கு தப்பாதா?” என்று கேட்டார்கள். தப்பும். பிளேக் நோயைப் பரப்பியது எலியும் அதன் மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சியும். அந்த இருவர் போட்ட கணக்கில் எலிக்கென்று தனித் தொட்டியே இல்லை! ஆனால் அதை மறைக்கவில்லை. தங்கள் கணக்கு தோராயமானது என்று அவர்களே எழுதி வைத்தார்கள். அதனால்தான் பின்னால் வந்தவர்களால் எலியையும் பருவத்தையும் சேர்த்துத் திருத்த முடிந்தது. அனுபவம் தப்பினால், “எல்லாம் விதி” என்று சொல்லிவிடும். கணக்கு தப்பினால், எந்த வரியில் தப்பியது என்று விரலை வைத்துக் காட்டலாம்.

அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பம்பாயில் யாரோ ஒரு குமாஸ்தா வாரா வாரம் எண்ணி எழுதியிருக்காவிட்டால் எடின்பரோவில் ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருந்திருக்கும்? அனுபவம் கொண்டுவந்து கொடுக்கும். கணக்குதான் வழி சொல்லும்.

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே! பிள்ளைகளுக்கு விடையை மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். மொட்டை மாடித் தொட்டியைக் காட்டி, “மோட்டார் ஓடலைன்னா இந்தத் தண்ணி நமக்கு எத்தனை நாள் வரும்?” என்று கேளுங்கள். எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை குடம் என்று அவனே எழுதட்டும். மறுநாள் மாடி ஏறிப் பார்க்கட்டும். தப்பாக வந்தால் அடிக்காதீர்கள். எதை விட்டோம் என்று தேடச் சொல்லுங்கள். விருந்தாளியை விட்டிருப்பான்! (சிரிப்பு) அந்தத் தேடல்தான் கல்வி.

சகோதரி சிரித்த இரண்டு குழாய்க் கணக்கு, சம்பளத்தில் இருக்கிறது, அணையில் இருக்கிறது, ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கிறது. ஆகவே நடுவர் அவர்களே, கூட்டிக் கழித்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். எங்கள் பக்கமே தீர்ப்புத் தர வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.  (பலத்த கைதட்டல்)