பாசிக்குத் தீனி போடுவது யார்?

(பாலவாக்கம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நமக்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஓடிய கால்வாய் அது. இன்று அதில் மண்டிக் கிடப்பவை ஆகாயத் தாமரையும் பச்சைப் பாசியும்!

அதை வெட்டியவர் யார்? நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை, 1877-78இல், பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகள் வெட்டினார்கள். அந்தப் பஞ்சத்தில்தான், 1877இல், நிவாரண வேலைக் கூலியை நாளுக்கு 1 ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று வெள்ளைக்கார சர்க்கார் குறைத்தது. உழைப்பு நம் பாட்டன்மாருடையது; பெயரோ கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது!

ஆகாயத் தாமரை தென் அமெரிக்கச் செடி. பூவின் அழகுக்காக வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே வந்தது. வசதி கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். அதன் விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும்.

ஆனால் தீனி இல்லாமல் எதுவும் வளராது. விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் போட்டால் பயிர் செழிக்கும். சாக்கடையில் இவ்விரண்டும் ஏராளம். சுத்திகரிக்காத கழிவுநீரைக் கால்வாயில் விடுவது பாசிக்கு உரம் போடுவதுதான். போதாததற்கு, மயிலாப்பூர்ப் பகுதியில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள். ஓட்டம் குறைந்தது, தேங்கிய நீரில் வெயில் பட்டால் பாசிக்குக் கொண்டாட்டம்.

பாசி ராத்திரியில் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சும். செத்து அழுகும்போது மிச்சமும் போகும். மீன் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். நீலப்பச்சைப் பாசியில் சில வகை விஷமும் கக்கும். அமெரிக்காவில் டொலேடோ என்றொரு தொழிற்சாலை நகரம். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் பொங்கிய பாசியின் விஷம் குடிநீரில் கலந்தது. 4 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் சுமார் 3 நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. காய்ச்சினாலும் அந்த விஷம் போகாது! பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி.

இங்கே பழி யார் மேல்? கரையோரக் குடிசை மேல்! 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். வேலை போனது, பிள்ளைகளின் படிப்பு கெட்டது. ஆறு தெளிந்ததா? இல்லை! குடிசை போயிற்று, சாக்கடை போகவில்லை.

இயந்திரத்தை இறக்கிச் செடியை அள்ளுகிறார்கள். அள்ள வேண்டியதுதான், மழைக்கு முன் அள்ளாவிட்டால் வெள்ளம் நம் வீட்டுக்குள் வரும். ஆனால் சாக்கடை நிற்காதவரை செடி மீண்டும் முளைக்கும். காண்ட்ராக்டருக்கு ஆண்டுதோறும் அறுவடை. நமக்கு ஆண்டுதோறும் கொசு!

ஆகவே நம் கோரிக்கைகள்:

சுத்திகரிக்காத கழிவுநீர் ஒரு சொட்டும் கால்வாயில் விழக்கூடாது. திருட்டுத்தனமாகக் கொட்டும் லாரி முதலாளிகள் மேல் வழக்குப் போடு!

மழைக்கு முன் செடியை அகற்று. அள்ளியதைக் கரையிலேயே போடாதே!

இந்த வேலை செய்யும் தொழிலாளிக்குப் பாதுகாப்புச் சாதனமும் நிரந்தர வேலையும் கொடு!

கால்வாய்ச் சுத்தம் என்ற பெயரில் ஏழையின் குடிசையைப் பிடுங்காதே!

ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்குவோம். மழைக்கு முன்பே மாநகராட்சி வாசலில் திரளுவோம். பாட்டன் வெட்டிய கால்வாயைப் பேரன் மீட்பான்!