திருநள்ளாறா, பேரளமா: எங்கே வாழ்றது நல்லது?

போன எபிசோட்ல செனகல், காம்பியா ரெண்டையும் ஒப்பிட்டுப் பேசினோம். காம்பியாவுக்கு மூணு பக்கம் செனகல், ஒரு பக்கம் கடல். 1889-ல பிரிட்டிஷும் பிரெஞ்சும் தங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கிட்ட எல்லை அது. ரெண்டு பக்கமும் வோலோஃப், மண்டிங்கா பேசுற அதே ஜனங்க. "கடைசியா எந்த நாட்டுல வாழ்றதுதான் பெட்டர்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதே கேள்வியை எங்க ஊர்ல வெச்சுப் பார்ப்போம்.

எங்க ஊர் திருநள்ளாறு. சனிக்கிழமை சனீஸ்வரனைப் பார்க்க பஸ்ல வர்ற பலருக்கு, வழியில மாநில எல்லையைத் தாண்டினதே தெரியாது. பி.ஒய். 02 நம்பர் பிளேட்டைப் பார்த்தா உண்டு. காரைக்காலுக்கும் மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சி, இப்போ புதுச்சேரி யூனியன் பிரதேசம். மேற்கே பேரளம் போயிட்டா அது திருவாரூர் மாவட்டம்.

2022 டிசம்பர்ல பிரதமரோட பொருளாதார ஆலோசனைக் குழு சமூக முன்னேற்றக் குறியீடு ஒண்ணு வெளியிட்டுச்சு. அதுல புதுச்சேரி 65.99 வாங்கி இந்தியாவுலயே முதலிடம். தமிழ்நாடு 63.33. அப்போ திருநள்ளாறுதான் ஜெயிச்சுது, இல்லையா?

கொஞ்சம் பொறுங்க. 2011 கணக்குப்படி அந்த யூனியன் பிரதேசத்துல பன்னிரண்டரை லட்சம் பேர். அதுல காரைக்கால் ரெண்டு லட்சம்தான். அந்த 65.99 பெரும்பாலும் புதுச்சேரி நகரத்தோட மார்க்கு. அது எங்களுக்கு சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. பெரிய வைத்தியத்துக்கு அங்க ஜிப்மர் போகணும்னா சீர்காழி, சிதம்பரம், கடலூர்னு தமிழ்நாட்டு வழியாத்தான் போகணும்.

எங்க வீட்டையே எடுத்துக்குங்க. அக்காவைப் பேரளத்துல கட்டிக் கொடுத்தோம். அண்ணன் இங்கேயே இருக்கார். அக்காவுக்கு 2023 செப்டம்பர்லேருந்து மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000 ரூபாய் வருது, டவுன் பஸ்ல டிக்கெட் கிடையாது, ரேஷன் அரிசி ஒரு மாசம்கூட நின்னதில்லை. இந்தப் பக்கம் ரேஷன் கடைகள் பல வருஷம் மூடியே கிடந்துச்சு. அரிசிக்குப் பதிலா பேங்க்ல பணம் போட்டாங்க. 2024 தீபாவளியை ஒட்டித்தான் கடை திறந்துச்சு. பணம்னா சுதந்திரம்தானேன்னு நகரத்துல இருந்து சொல்லலாம். பேங்குக்குப் போய் வர இன்னொருத்தர் துணை தேடுற எங்க பாட்டிகிட்ட சொல்லிப் பாருங்க.

ஆனா படிப்புக் கணக்கு வேற. அக்கா பொண்ணு, அண்ணன் பையன் ரெண்டு பேரும் அரசுப் பள்ளி, ரெண்டு பேருக்கும் டாக்டர் ஆசை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு மருத்துவ இடத்துல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. புதுச்சேரியில 10 சதவீதம். ஒரே தாத்தாவோட பேரப் பிள்ளைங்க. யார் எந்தப் பள்ளியில படிச்சாங்க, கையில எந்த இருப்பிடச் சான்று இருக்குங்கிறதுதான் எந்த வரிசையில நிக்கிறதுன்னு முடிவு பண்ணுது. அதனாலதான் எங்க பக்கம் கல்யாணம் பேசும்போது பெரியவங்க நகை பேசுறதுக்கு முன்னாடி "எந்த ஸ்டேட் கார்டு?"னு கேக்குறாங்க. இதை எந்தக் குறியீடும் அளக்கலை.

பெட்ரோலும் மதுவும் இங்க விலை கம்மி. அங்க தடையா இருக்கிற சாராயம் இங்க லைசென்ஸ் கடையில விக்குது. வாழ்க்கைத் தரக் கணக்குல இதை வரவுல எழுதுறதா, செலவுல எழுதுறதா? எங்க தெருப் பெண்களைக் கேட்டா சந்தேகமே இருக்காது.

நெல்லுதான் எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம். காவிரித் தண்ணி ரெண்டு பக்க வயலுக்கும் ஒரே ஆறுகள்ல வருது. 2007 தீர்ப்புல தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி., எங்களுக்கு 7. அந்த 7-ம் தமிழ்நாட்டைக் கடந்துதான் இங்க வந்து சேரணும். அதே மழை, அதே அறுவடை மிஷின். அக்கா வீட்டுல சிட்டா அடங்கலைக் காட்டி நேரடி கொள்முதல் நிலையத்துல மூட்டையைப் போட்டுடுவாங்க. அண்ணன் கையில தமிழ்நாட்டு வி.ஏ.ஓ. கொடுக்குற அடங்கல் கிடையாது. அவர் வியாபாரி சொல்ற விலைக்குக் காத்திருப்பார்.

அதனால கேள்வி கேட்டவங்களுக்கு என் பதில்: பிள்ளை பிளஸ் டூ படிக்குதுன்னா திருநள்ளாறு, வயல் இருந்தா பேரளம். காம்பியாவுல இருக்கிறவங்ககிட்ட கேட்டா அவங்களும் முதல்ல, "உங்களுக்கு வயல் இருக்கா?"ன்னுதான் கேப்பாங்கன்னு நினைக்கிறேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.